கிளவுஸ் என்று பெயர் வைத்தோம்

ஓசூரில் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் பயிற்சிக்கு வந்தவர்கள் இரண்டே பேர். நானும், தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும், என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு அக்காவும். தொண்ணூறுகளின் தொடக்கம். பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு கருவி கொடுப்பதுதான் டூல் ஸ்டோரின் வழக்கம். அதற்குப் பதிலாக எங்களை ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள். முதல் நாள் ஒழுங்காக ஓடினால் இருவருக்கும் வேலை நிரந்தரம். கவுன்ட்டர் நின்றால் டோக்கன் திரும்ப வரும், நாங்கள் வீட்டுக்குப் போகலாம்.

புரோகிராமில் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஒரு ஃபங்ஷன் எழுத வேண்டும்; எனக்குப் பிடித்ததே ஜோடியாக வரும் ஃபங்ஷன்கள்தான். ஃபைலைத் திறக்க ஒன்று, மூட ஒன்று. ஒன்றை எழுதியதும் மற்றது தானாகக் கையில் வந்து நிற்கும். இந்த ஜோடிகளுக்கெல்லாம் ஒரு பொதுப் பெயர் வேண்டுமென்று அலைந்து, கல்லூரிக் கணக்கிலிருந்து 'இன்வர்ஸ்' என்று பிடித்து வந்தேன். ஒன்று செய்ததை மற்றது இல்லாமல் ஆக்கிவிடும்.

"எல்லாத்துக்கும் அது பொருந்தாதுப்பா," என்றாள் அக்கா.

"பேரு அழகா இருக்குதுக்கா, விடுங்க."

"அழகுக்கு நீ எழுது. நான் சம்பளத்துக்கு எழுதறேன்."

கருவி கொடுக்கும் ஃபங்ஷன் இருப்பில் ஒன்றைக் குறைத்தது. திரும்ப வாங்கும் ஃபங்ஷன் ஒன்றைக் கூட்டியது. எனக்கு அவ்வளவு திருப்தி.

முதல் நாள் காலையில் ஒருவர் முனை ஒடிந்த டிரில் பிட்டைத் திருப்பிக் கொடுத்தார். இருப்பு ஒன்று கூடியது. அடுத்தவர் அதே அளவு பிட் கேட்டார். ஸ்டோர்காரர் உள்ளே தேடிவிட்டு, ஒடிந்ததையே தூக்கிக்கொண்டு வந்தார்.

"இருக்குதுன்னு உங்க பொட்டி சொல்லுது. இத வெச்சி இன்னா பண்றது, பல்லு குத்தறதா?"

வரிசை சிரித்தது. "டோக்கன எடுண்ணா, மிஷினு நிக்குது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஸ்டோர்காரரும் டோக்கன் பெட்டியை இழுத்தார்.

அக்கா கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தாள். அவளுக்குக் கோபம் கன்னடத்தில்தான் வரும். பிறகு கவுன்ட்டர் மேல் கிடந்த கிழிந்த கிளவுஸைக் காட்டினாள். பழைய ஜோடியைக் கொடுத்தால்தான் அங்கே புது ஜோடி தருவார்கள்.

"போறது புதுசு, வர்றது கிழிசல். நீ வர்றதையும் புதுசுன்னு எழுதி வெச்சிருக்க."

நல்லவேளை, டீ மணி அடித்தது. "டீ குடிச்சிட்டு வாங்கண்ணா, அதுக்குள்ள முடிச்சிடறோம்," என்று ஸ்டோர்காரரைக் கெஞ்சினேன். அக்கா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் தட்டினேன். திரும்ப வாங்கும் ஃபங்ஷன் இப்போது முதலில் ஒரு கேள்வி கேட்டது: நல்லதா, ஒடிந்ததா? ஒடிந்தது இருப்பில் ஏறாது.

டீ முடிந்து வந்தவர்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள். கவுன்ட்டர் ஓடியது. சாயங்காலம் ஸ்டோர்காரர் டோக்கன் பெட்டியைக் காலாலேயே மேஜைக்கடியில் தள்ளிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் ஜோடிகளுக்குப் பெயர் கிளவுஸ். இடது கை வலது கையை இல்லாமல் ஆக்குவதில்லை; ஆனால் ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு யாரும் மிஷினில் நிற்க முடியாது. "இதுக்குக் கிளவுஸ் எழுதிட்டியா?" என்பாள் அக்கா. பாதி நாள் எழுதியிருக்க மாட்டேன்.

வேலை நிரந்தர உத்தரவைக் கொடுக்க வந்த மேனேஜர், புரோகிராம் தாளில் ஒவ்வொரு ஜோடிக்கும் மேலே அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டார்.

"சேஃப்டிக்கு சார்," என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அவர் தலையாட்டிவிட்டு உத்தரவுகளை நீட்டினார்.