என் தலைக்குக் கீழே யாருடைய உடம்பு

பெங்களூரில் ஒரு கோல்ஃப் போட்டியை முடித்துவிட்டு முந்தின நாள்தான் எங்கள் ஊர் தாமலுக்குத் திரும்பியிருந்தேன். பை நிறைய அழுக்குத் துணி. துவைத்துக்கொண்டிருக்கும்போது கடையிலிருந்து கணவர் போன் செய்தார். பெரிய காஞ்சிபுரத்தில் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார் அவர். கல்யாண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, பட்டுக்கடைகளின் ஆடித் தள்ளுபடி எல்லாம் அவருடைய மெஷினில்தான் உருண்டு வெளியே வரும்.

"இன்னாம்மா, பட்டுப் பொடவ கட்டி எப்ப போட்டோ எடுத்த? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நான் எங்க எடுத்தேன்? என்னாண்ட ஏது பட்டுப் பொடவ?"

"அப்ப அச்சுக்கு வந்த இந்தப் படத்துல நிக்கறது யாரு? மட்டைய கையில வெச்சுக்கினு சிரிக்குது. மூஞ்சி உன்னுது. அனுப்புறேன் பாரு."

படம் வந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் என்னுடையதுதான். ஹைதராபாத்தில் முதல் முறை ஜெயித்தபோது எடுத்த படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். ஆனால் தொப்பி இல்லை. தலை நிறைய மல்லிகைப்பூ. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ. வெயிலே படாத வெளுத்த தோள், அரக்குச் சிவப்பில் பெரிய ஜரிகைக் கரை போட்ட புடவை, கை நிறைய வளையல். மட்டையைத் துடைப்பம் மாதிரி பிடித்திருந்தாள். பக்கத்தில் கொட்டை எழுத்தில் "எங்கள் மண்ணில் விளைந்த முத்து". அதற்குக் கீழே கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய சொகுசு வீடுகள் விற்பனைக்கு, முன்பதிவுக்கு அழைக்கவும்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மைதானம் எது என்று எனக்குத் தெரியும். என்னை வெளியே துரத்திய மைதானம் அது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நான் அங்கே வேலைக்குப் போனேன். அம்மா ஏற்கெனவே அங்கே ஒப்பந்தக் கூலியாகக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயிற்சித் திடலில் வேலை. மெம்பர்கள் அடித்து அனுப்பும் பந்துகளைப் பொறுக்கிக் கழுவி மறுபடி கூடையில் நிரப்ப வேண்டும். திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்றைக்குச் சாயங்காலம் ஊழியர்கள் ஆடிக்கொள்ளலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. உடைந்து ஒட்டவைத்த மட்டை ஒன்றை வைத்து நானும் ஆட ஆரம்பித்தேன். நாளெல்லாம் மற்றவர்கள் அடிப்பதைப் பார்ப்பவள்தானே. எது நன்றாகப் போகிறது, எது கோணிக்கொண்டு போகிறது என்று கண்ணுக்குப் பழகியிருந்தது. கைக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று. வந்த பிறகு அந்தத் திங்கட்கிழமைகளுக்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை ஒரு மெம்பர் தன் மகளோடு சிறப்பு அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். எங்களுக்குப் பின்னால் ஆடிக்கொண்டு வந்தவர்கள், காத்திருக்கப் பொறுமையில்லாமல் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பெண் வெளிநாட்டில் பயிற்சி எடுத்தவள். நான் அடித்த பந்து அவளுடையதைத் தாண்டி விழுந்தது. அடுத்த குழியிலும் அப்படியே. அவள் சிரித்துக்கொண்டே "சூப்பர்" என்றுதான் சொன்னாள். அவளுடைய அப்பாதான் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"நீ இங்க பந்து பொறுக்க வந்தியா, ஆட வந்தியா?"

"திங்கக்கெழம எல்லாருந்தான சார் ஆடறோம்?"

"மெம்பர்ஸ் பை தூக்கற கேடிங்க ஆடுவாங்க. களை பிடுங்கறவ பொண்ணு எல்லாம் இனிமே கோர்ஸ் உள்ள கால் வைக்கக் கூடாது. மெம்பர்ஸ் முகம் சுளிக்கறாங்க."

ஆடாமல் வேலை மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. அந்த மாதமே நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் கற்றதெல்லாம் எங்கள் ஏரியில். கோடையில் தாமல் ஏரி காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது அதற்குள் இறங்கி அடிப்பேன். பந்து விழும் இடத்தில் புழுதி கிளம்பும். அதை வைத்துத்தான் தூரம் கணக்கு. ஆடு மேய்ப்பவர்கள் கத்துவார்கள்: "யம்மா, ஆட்டு மேல போட்டுறாதம்மா!" குழியில் தள்ளிவிடும் பயிற்சி எங்கள் சர்ச்சின் சிமெண்ட் தரையில், ஒரு டம்ளரைப் படுக்கவைத்து. ஊரெல்லாம் ஏரி நிரம்ப வேண்டுமென்று ஜெபித்தால், நான் மட்டும் அந்த ஜெபத்தில் முணுமுணுக்காமல் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

தொழில்முறை ஆட்டக்காரி ஆவதற்கான தகுதிப் போட்டியில், எந்த கிளப்பைச் சேர்ந்தவள் என்று கேட்டார்கள். எனக்கு கிளப் கிடையாது. "தாமல் ஏரி" என்று எழுதிக் கொடுத்தேன். ஆட்டம் தொடங்கும் இடத்தில் மைக் பிடித்தவர் கம்பீரமான இங்கிலீஷில் "தாமல் லேக் கோல்ஃப் கிளப்" என்று அறிவித்தார். கணவர்தான் அன்றைக்கு என் மட்டைப் பையைத் தூக்கி வந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். இரண்டாவது முயற்சியில் தேறினேன். முதல் வருஷம் பாதிப் போட்டிகளில், அடுத்த சுற்றுக்குத் தேறவில்லை என்று இரண்டாம் நாளோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில், கால்களுக்கு நடுவே பையை நிறுத்திக்கொண்டு வருவோம். நான்காவது வருஷம் ஹைதராபாத்தில் ஜெயித்தேன். அந்த வெற்றியைத்தான் இப்போது ஒருவர் வெட்டியெடுத்து, யாருடைய கழுத்திலோ ஒட்டி, வீடு விற்கப் பார்க்கிறார்.

கணவர் அந்த வேலையை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். மைதானத்துக்காரர்கள் சென்னையில் அச்சடித்துக்கொண்டு வந்து, பைபாஸ் ரோட்டில் பனை உயரத்துக்கு நிறுத்தினார்கள். பஸ்ஸில் போகிற எங்கள் ஜனம் எல்லாம் போன் போட்டது. "சூப்பரா கீறம்மா, ஆனா நீ மாதிரி இல்ல."

நேரே மைதானத்துக்குப் போனேன். அதே மேனேஜர். எழுந்து நின்று நாற்காலி இழுத்துப் போட்டார்.

"வாங்க மேடம், வாங்க! காபி சொல்லட்டுமா?"

"போர்ட எறக்குங்க சார்."

"ஏன் மேடம்? எவ்ளோ கிராண்டா வந்திருக்கு! காஞ்சிபுரம்னா சில்க், அதான் டிசைனர் ஒரு டச் கொடுத்தாரு."

"அது என் உடம்பு இல்ல. என்னைக் கேக்கவும் இல்ல."

"சரி, தப்புதான். ஆனா நீங்க இங்கதானே ஆரம்பிச்சீங்க? அது உண்மைதானே? எங்க மண்ணுதானே உங்களை உருவாக்கிச்சு? உங்களுக்கு ஹானரரி மெம்பர்ஷிப் தரலாம்னு கமிட்டி சொல்லியிருக்கு."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. நான் முதலில் அடித்த புல் அவர்களுடையதுதான். ஆனால் "எங்கள் மண்" என்றாரே, அந்த மண்ணில் கோல்ஃப் புல் முளைப்பதற்கு முன்னால் நெல் விளைந்தது. அதில் நாற்று நட்டதும் அறுத்ததும் எங்கள் காலனிக்காரர்கள். என் அப்பா அதில் ஏர் ஓட்டியவர். நெல்லாக இருந்தபோதும் அது எங்களுடையது இல்லை, புல்லாக மாறிய பிறகும் இல்லை. இப்போது அதில் விளைந்த முத்து நான் என்கிறார்கள். பிடுங்கி எறிந்த களை என்று எழுதியிருந்தால் சண்டைக்கே போயிருக்க மாட்டேன்.

"உங்க மெம்பர்ஷிப் வேணாம் சார். போர்டு எறங்கலன்னா நான் வக்கீல பாப்பேன்."

அவர் முகத்திலிருந்து "மேடம்" இறங்கிவிட்டது. "யோசிச்சுப் பண்ணு. உங்கம்மா இன்னும் இங்கதான் வேலை பாக்குது," என்றார்.

எங்கள் சர்ச்சைச் சேர்ந்த ஒரு அக்கா காஞ்சிபுரம் கோர்ட்டில் வக்கீல். அவர் நோட்டீஸ் அனுப்பினார். ஒரு டிவி சேனல் பேட்டி கேட்டபோது நடந்ததை அப்படியே சொன்னேன். ஒரு வாரத்துக்குள் பலகை இறங்கியது. இறங்கிய அன்றைக்கே அம்மாவிடம் ஒப்பந்தக்காரர், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா என்னைத் திட்டிய திட்டு கொஞ்சமில்லை.

"உன் மூஞ்சிய வெச்சா உனுக்கு இன்னா தேஞ்சா போச்சு? என் சோத்துல கைய வெச்சிட்டியேடி!"

"அவன் பண்ணத விட்டுடச் சொல்றியாம்மா?"

"நீ அவன கேளு, வாணான்னு நான் சொல்லல. ஆனா கேக்கறதுக்கு முன்ன என்ன ஒரு வார்த்த கேட்டியா? அவன் உன்ன கேக்காம போட்டோ போட்டான். நீ என்ன கேக்காம என் வேலைய போக்கடிச்ச."

இரண்டு பேரும் பல நாள் பேசிக்கொள்ளவில்லை. தண்டனை எப்போதும் போய் விழுகிற இடம் பார்த்தீர்களா? நோட்டீஸ் அனுப்பியது நான். பேட்டி கொடுத்தது நான். என்னைத் தொட முடியவில்லை என்று, குனிந்து குனிந்து முதுகு வளைந்த ஒருத்தியைத் தொட்டார்கள். வழக்குப் போடலாம் என்றேன். ஒப்பந்தக் கூலிக்கு வேலை போனதற்கு என்ன சாட்சி காட்டுவது என்று வக்கீல் அக்கா கையை விரித்தார். ஏனாத்தூரில் கல்லூரி விடுதிச் சமையலறையில் அம்மாவே வேறு வேலை தேடிக்கொண்டாள். நிழலில் வேலை, இது பரவாயில்லை என்று என் கணவரிடம் சொன்னாளாம், என்னிடம் அல்ல.

அடுத்த வருஷம் ஆட்ட அட்டவணை வந்தபோது, ஒரு போட்டி அதே மைதானத்தில். போகக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மாதான் சோறு போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "போயி ஆடு. அந்தப் புல்ல எத்தினி வருசம் நான் குனிஞ்சி பாத்தேன். ஒருநாள் நிமிந்து பாக்கறேன்."

கடைசி நாள் அவளைப் பார்வையாளர் சீட்டோடு அழைத்துப் போனேன். முன்வாசலில் செக்யூரிட்டிக்கு அவளைத் தெரியும்.

"இன்னாக்கா, ஸ்டாஃப் கேட்டு அந்தப் பக்கம் கீதே, மறந்துட்டியா?"

"நான் இன்னிக்கி வேலைக்கி வரலப்பா. ஆட்டம் பாக்க வந்துக்கீறேன்," என்று அம்மா சீட்டை நீட்டினாள்.

அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே போன் பேசினான். பட்டுப் புடவைகளும் கறுப்புக் கண்ணாடிகளும் சீட்டைக் காட்டாமலேயே எங்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தன. நான் கத்தப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து விட்டான்.

அந்தக் கோபத்தோடுதான் ஆடினேன். கோபத்தோடு ஆடினால் நன்றாக ஆடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொடக்கத்திலேயே ஒரு பந்தைத் தண்ணீருக்குள் தள்ளினேன். பாதிக்குப் பிறகுதான் கை அடங்கியது. மூன்றாவதாக வந்தேன்.

பரிசு கொடுக்கும்போது மேனேஜர் மைக்கை நீட்டி, தாய்மண்ணுக்கு இரண்டு வார்த்தை நன்றி சொல்லச் சொன்னார். வாங்கிக்கொண்டேன். "இந்த மைதானத்தில் களை பிடுங்கிய ஒருத்தரைப் போன வருஷம் காரணம் சொல்லாமல் வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர் அதோ உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள்," என்றேன். ஒருவரும் கைதட்டவில்லை. மேனேஜர் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, அடுத்த பரிசுக்குப் போய்விட்டார்.

அம்மா கடைசி வரிசையிலிருந்து எழுந்து, யாராவது வந்து பதில் சொல்வார்கள் என்பதுபோல் நின்றுகொண்டே இருந்தாள்.