ஒழுகிய இடத்தில் ஒரு ஏரோ

உதை அனுப்பிரியாவுக்குத்தான் வந்தது, குழம்பில் உப்புக் கூடிப்போன குற்றத்துக்காக. அவள் சட்டென்று விலகிக்கொண்டாள். பின்னால் நின்ற வாஷிங் மெஷின் வாங்கிக்கொண்டது. உதைத்த கணவன் தரணீதரனுக்குக் கால் வலித்தது. கால் வலித்ததற்கும் சேர்த்து அவளுக்கு விழுந்தது. மெஷினுக்கு என்ன ஆயிற்று என்று அன்றைக்கு யார் பார்த்தார்கள்?

அனுப்பிரியாவின் ஊர் மடத்துக்குளம் பக்கம். பிளஸ் டூ முடித்த கையோடு பனியன் கம்பெனிக்கு வந்தவள், கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விடவில்லை. முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. “சாமி சிலையைக் குடுத்தாலும் இந்தப் புள்ள நாலு டேமேஜ் காட்டும்” என்று சூப்பர்வைசர் கிண்டல் செய்வார். அப்படிப்பட்டவள் மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டாள் என்றால், அவளா பார்த்தாள்? பெரியவர்கள் பார்த்தார்கள். கட்டிங் மாஸ்டர், நல்ல சம்பளம், குடிக்க மாட்டான் என்றார்கள். மூன்றும் உண்மைதான். குடிக்காமலே அடிக்கிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அடிபட்ட இடங்களை முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வேலைக்குப் போவாள். யாராவது கேட்டால் படியில் விழுந்தேன் என்பாள். அவள் சொன்னதையெல்லாம் நம்பினால் அந்த வீட்டுப் படிக்கட்டை இடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

அது மாடி வீடு. கீழே வீட்டுக்காரி வேலாத்தாள் தனியாக இருந்தாள். மகன்கள் கம்பெனி நடத்திக்கொண்டு டவுனில் இருந்தார்கள். உதை விழுந்த மறு ஞாயிற்றுக்கிழமை அனுப்பிரியா துணி துவைத்து முடித்தபோது தரையெல்லாம் வெள்ளம். கீழ்வீட்டுக் கூரையில் சொட்டியதும் ஓனரம்மா மூச்சிரைக்க மேலே ஏறி வந்துவிட்டாள்.

“ஏனம்மிணி, இப்பத்தான் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கறேன். இன்னொருக்காத் தண்ணி சொட்டுச்சுன்னா ஊட்டைக் காலி பண்ணிருங்க.”

“இவதானுங்க. மூட்டை மூட்டையாத் துணியைத் திணிச்சு மெஷினை ஒழிச்சுப்போட்டா” என்றான் தரணீதரன்.

ஓனரம்மா இறங்கிப் போன சத்தம் ஓய்ந்ததும் அவன் அவள் கொண்டையைப் பிடித்தான். சோப்புத் தண்ணீர் மிச்சமிருந்த மெஷின் தொட்டிக்குள் முகத்தை அழுத்தி, மூச்சு முட்டும்வரை வைத்திருந்து தூக்கினான்.

“கடைக்குப் போயிட்டு வாறதுக்குள்ள ஒழுகறது நிக்கோணும். இல்லீன்னா உன்ற சோத்துக் கையை முறிச்சு இந்தப் பொட்டிக்குள்ளயே போட்டுருவேன்.”

வெறும் வாய்ச்சவடால் இல்லை. அவளுடைய இடது மணிக்கட்டை அவன் ஏற்கெனவே முறித்திருக்கிறான். அது கோணலாகத்தான் கூடியது. வலது கையும் போனால் செக்கிங் மேஜை போய்விடும். நாளில் பாதி நேரமாவது அவன் கைக்கு எட்டாமல் இருக்க அவளுக்கு இருந்தது அந்த மேஜை ஒன்றுதான்.

அனுப்பிரியா மூக்கைச் சிந்திவிட்டு வேலையை ஆரம்பித்தாள். தரையைத் துடைத்துக் காயவிட்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தாள். ஒரு சொட்டுக் கசியவில்லை. அப்படியானால் தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது. துணி அதிகமானதால் உடைந்தது என்றது பொய். வடிகால் குமிழைத் திருப்பித் தண்ணீரை இறக்கினாள். உடனே அடியில் ஈரம் பரவியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்க மூடியின் திருகுகளைக் கழற்றினாள். சோப்புத் தண்ணீரும் பிளாஸ்டிக்கும் ஒரே நிறமாக இருந்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி தொட்டியை நிரப்பி, வெள்ளை வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தை அதில் ஊற்றி, குமிழை லேசாகத் திருப்பினாள். தண்ணீர் வெளியேறும் குழாயின் கழுத்திலிருந்து ஒரு நீலக் கோடு இறங்கியது. அங்கே மயிரிழைக்கு ஒரு விரிசல். விரிசலுக்கு நேர் வெளியே, மெஷினின் உடம்பு உள்வாங்கியிருந்தது. ஒரு குதிகால் அளவுக்கு.

அவளுக்குக் கோபம் வந்தது. பயந்து பயந்து, தனக்குக் கோபம் என்று ஒன்று உண்டு என்பதே மறந்துபோயிருந்தவள், அந்தக் குதிகால் பள்ளத்துக்குள் விரல்களை வைத்து அளந்து பார்த்தாள். அவளுக்கு வந்த உதையில் பிளாஸ்டிக்கே பிளந்திருக்கிறது. விலகாமல் நின்றிருந்தால் எலும்பு என்ன ஆகியிருக்கும்?

வேலைக்குக் கொண்டுபோகும் பையில் ஏரோ இருந்தது. செக்கிங்கில் டேமேஜ் கண்ட இடத்தில் ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். கண்ணில் பட்ட டேமேஜில் அதை ஒட்டாமல் விட்டால் தைத்தவன் தப்பு செக்கர் தப்பாகிவிடும். பழக்கத்தில் விரிசலுக்குப் பக்கத்தில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றும் ஒட்டினாள். பிறகு குமிழை மூடி, குழாயைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, விரிசல் அடைக்கும் எம்-சீல் பசையின் இரண்டு உருண்டையையும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து விரிசலைச் சுற்றி அப்பினாள். இனி அது இறுகினால் போதும்.

அது இறுகுவதற்குள் அவன் வந்துவிட்டான்.

“நின்னுருச்சா?”

“நின்னுருமுங்க. காயோணும். கொஞ்ச நேரம் தொடாதீங்க.”

தொடாதே என்று அவள் சொல்லி அவன் கேட்பதா? குமிழை முழுக்கத் திருப்பினான். இறுகாத எம்-சீல் வழுக்கிக்கொண்டு வர, நீலத் தண்ணீர் அறையெங்கும் பாய்ந்தது. அவன் அவள் வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். அவள் அலறினாள். அவன் இன்னும் முறுக்கினான். வாசலில் வேலாத்தாள் வந்து நின்றதால்தான் விட்டான்.

“என்றய வெள்ளைக் கூரை நீலமாப் போச்சே!”

“சொன்னனில்லீங்களா, இவ துணியைத் திணிச்சு…”

“துணியில்லீங்க, இவரு உதைச்சது” என்று அனுப்பிரியா ஏரோவைக் காட்டினாள். ஓனரம்மா நிற்கிறாள் என்றும் பார்க்காமல் அவன் அவள் கன்னத்தில் அறைந்தான். உதடு கிழிந்தது. அவள் அழவில்லை. மெஷின் மேலிருந்த ஸ்டிக்கர் தாளை எடுத்து, ஒவ்வொன்றாகப் பிய்த்து ஒட்டத் தொடங்கினாள். கோணல் மணிக்கட்டில், தோளில் அவன் பல் பதிந்த இடத்தில், கழுத்துக் கன்றலில், கிழிந்த உதட்டுக்குக் கீழே.

“தண்ணி சொட்டுனா ஓடி வாறீங்களே, ஓனரம்மா. நான் கத்தறது கீழ கேக்காதுங்களா?”

வேலாத்தாள் அந்தச் சிவப்பு அம்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கேக்கும் கண்ணு. டிவி சத்தத்தை ஏத்தி வெச்சுக்குவேன்.”

“குடும்பச் சண்டையிங்க இது. நீங்க கீழ போங்க” என்றான் தரணீதரன்.

“போக மாட்டேன். அம்மிணி, நீ வா என்றகூட.”

அனுப்பிரியா வாசலை நோக்கி ஓர் அடி வைத்தாள். அவன் பாய்ந்தான். குறுக்கே கை நீட்டிய கிழவியைப் பிடித்துத் தள்ளினான். நீலத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்த படிகளில் வேலாத்தாள் உருண்டு, கைப்பிடிச் சுவரில் மண்டை மோதிக் கிடந்தாள்.

அப்புறம் பார்க்க வேண்டுமே வீதியை! அத்தனை வருஷமும் மாடியில் ஒரு பெண் கத்தியபோது எல்லாருக்கும் காது மந்தம். ஓனரம்மா தலையில் ரத்தம் என்றதும் வீட்டுக்கு ஒரு ஆம்பிளை புறப்பட்டு வந்தான். பெண்டாட்டியை அடித்தால் குடும்ப விஷயம். வீட்டுக்காரியை அடித்தால் ஊர் விஷயம். சட்டையைப் பிடித்து இழுத்து, வீதி நடுவில் போட்டு மிதித்தார்கள். செருப்பாலும் விறகுக் கட்டையாலும் விழுந்தது. முன்பல் ஒன்று சாக்கடையில் போயிற்று. “ஓனரம்மா மேலயே கை வெச்சுட்டயாடா?” என்றுதான் ஒவ்வொருத்தனும் கேட்டு அடித்தான். உடம்பெல்லாம் சிவப்பு அம்புகளோடு படியில் நின்ற அனுப்பிரியாவிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்கு விழுந்த அடியில் அவளுக்குச் சந்தோஷமும் இல்லை.

தையல் போட்டுக்கொண்ட தலையோடு வேலாத்தாள் அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனாள். ரைட்டர் எழுந்து நாற்காலி போட்டார்.

“உங்களைத் தள்ளிவிட்ட கேஸ்தானுங்களேம்மா? சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“என்றது ஒரு நாள் அடி. அது கிடக்கட்டும். மொதல்ல இந்தப் புள்ளையோடதை எழுதுங்க.”

ரைட்டர் அப்போதுதான் அனுப்பிரியாவை நிமிர்ந்து பார்த்தார். ஒரு அம்பிலிருந்து இன்னொரு அம்புக்கு அவர் பார்வை போய்க்கொண்டிருந்தது.

“இதுக்கெல்லாம் சாட்சி வேணுமேம்மா. பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?”

“இன்னைக்கு அறைஞ்சதை மட்டும் பாத்தேனுங்க, மத்ததைப் பாக்கலீங்க” என்றாள் வேலாத்தாள். “இவ இந்த ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து அத்தனையும் கேட்டவ ஒருத்தி இருக்கறா. வேலாத்தாள்னு எழுதுங்க.”