பாடி வாங்கப் போன மாதேஸ்வரி

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய ஒரு லைன் வீட்டில் குடியிருக்கும் மாதேஸ்வரி, வாரத்தில் ஆறு நாள் செல்போன் உதிரிப் பாகங்களைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். கண்ணுக்கே தெரியாத திருகாணியில் ஒரு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார். வேலைக்குச் சேர்ந்தபோது கைக்குழந்தையாக இருந்த மகள் யுவஸ்ரீ இப்போது இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். அம்மாவின் அடையாள அட்டையில் மட்டும் இன்னும் ‘பயிற்சியாளர்’ என்றே இருக்கிறது. இத்தனை காலப் பயிற்சியில் ஒருவர் டாக்டரே ஆகியிருக்கலாம். நிரந்தரம் செய்தால் உரிமை கேட்பார்கள் என்று கம்பெனிக்கு பயம்.

ஏழாவது நாள் மாதேஸ்வரியுடையது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு காதுகுத்து, வளைகாப்பு, நிச்சயதார்த்தம் என்று கிளம்பிவிடுவார். கணவர் வெங்கட் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர்.

“உன் கண்ணு கம்பெனிக்கும் கேமராவுக்குமே போயிடுது. என்னெ எப்பதான் பாப்ப?” என்பார்.

“உங்களப் பாக்க பூதக்கண்ணாடி வேணுமா? தொப்பையே போதும்.”

இந்த வருடம் போனஸ் வந்ததும் ஒரு கேள்வியும் கூடவே வந்தது. கேமராக்காரர்கள் பேச்சில், லென்ஸைக் கழற்றினால் மிஞ்சுகிற கறுப்புப் பெட்டிக்குப் பாடி என்று பெயர். புதுப் பாடி வாங்குவதா, நல்ல லென்ஸ் வாங்குவதா? இரண்டில் ஒன்றுதான் முடியும்.

இந்தக் கேள்வி பிறந்த இடம் நாகரசம்பட்டி. போன தை மாதம் அங்கே மணிமேகலை என்ற பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாந்தோப்புக்காரர்கள் வீடு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மணிமேகலை, மாதேஸ்வரி எடுத்த வளைகாப்புப் படம் ஒன்றை இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது பெண்ணின் பெரியப்பா விசாரித்தார்.

“எந்த ஊரும்மா?”

“சாமல்பட்டிங்க.”

“சாமல்பட்டில எங்க?”

இந்த இரண்டாவது கேள்விக்கு என்ன பொருள் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாதேஸ்வரி மழுப்பாமல் காலனி என்றார். பெரியப்பா குரலை உயர்த்தவில்லை. “நீ இப்டி பந்தல்லயே நின்னு எடும்மா. உள்ள சாமி ரூம் இருக்குது” என்று அன்பாகவே சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டுக்குள் ஏசி மெக்கானிக் போனார், பாத்திரக் கடைக்காரர் போனார், பக்கத்து வீட்டுப் பூனையும் வாலைத் தூக்கிக்கொண்டு போனது. ஊர் கேட்கப்பட்டவர் மட்டும் பந்தலில் நின்று, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே தெரிந்ததை எடுத்தார்.

ஆல்பம் கைக்குப் போனதும் மணிமேகலை போன் செய்தார்.

“அக்கா, அல்லாம் நல்லாருக்குது. ஆனா என் மூஞ்சி எங்கக்கா? பொட்டு எது, மூக்கு எதுன்னே தெரில. கல்யாணத்துக்காச்சும் கொஞ்சம் பெரிசா எடுங்க.”

பந்தலில் நிறுத்திய கதை அவருக்குத் தெரியாது. மாதேஸ்வரியும் சொல்லவில்லை. ஆவணியில் கிருஷ்ணகிரி மண்டபத்தில் கல்யாணம். அதுவரை வேறொருவர் ஸ்டூடியோவுக்குத் துணைக் கேமராவாகப் போய்வந்த மாதேஸ்வரிக்குத் தன் சொந்தப் பெயரில் கிடைக்கும் முதல் பெரிய கல்யாணம் அது. விடவும் மனமில்லை. மறுபடி ஓரத்தில் நின்று ‘மூஞ்சி எங்கே’ என்ற கேள்வியை வாங்கிக்கொள்ளவும் மனமில்லை.

அந்த ஸ்டூடியோவின் சொந்தக்காரர் சந்தோஷ் யோசனை சொன்னார்.

“புதுப் பாடி போட்ருங்க சிஸ்டர். தூரத்துல நின்னு எடுத்தாக்கூட, அப்புறம் கம்ப்யூட்டர்ல வெட்டிப் பெரிசு பண்ணிக்கலாம். படம் உடையவே உடையாது. அவங்க நிக்கச் சொன்ன எடத்துல நில்லுங்க, மிச்சத்த பாடி பாத்துக்கும்.”

“எனக்கு அந்தச் சின்ன லென்ஸு மேலதான் ஆசெ, அண்ணா.”

அந்த லென்ஸுக்கு ஜூம் கிடையாது. மங்கலான வெளிச்சத்திலும் முகத்தை உள்ளபடி வாங்கும். ஆனால் முகம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் எடுப்பவர்தான் நடந்து கிட்டே போக வேண்டும்.

“அத மாட்டிக்கினு பந்தல்ல நின்னீங்கன்னா பந்தக்காலத்தான் எடுப்பீங்க” என்று சிரித்தார் சந்தோஷ்.

சந்தோஷ் நல்ல மனிதர்தான். நம் ஊரில் ஓர் அநியாயத்தைத் தட்டிக் கேட்கக் கூப்பிட்டால் ஆள் கிடைப்பதில்லை. அந்த அநியாயத்துக்கு ஏற்றாற்போல் வாழ எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்டால் தெருவே கூடிவிடும். மாதேஸ்வரியும் ஒரு வாரம் யோசித்து, கணக்கு சரிதான் என்று பாடிக்கே ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிளம்பும் அவசரத்தில் சாமல்பட்டியிலிருக்கும் மாமனார் முனிசாமிக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். “மாமா, நானும் அவரும் பெங்களூரு போறோம், பாடி வாங்கணும். பாப்பாவ பக்கத்து வீட்ல உட்டுருக்கறோம். சாயங்காலம் வந்துருவோம்.” அனுப்பிவிட்டு பஸ் ஏறினார். வெங்கட்டின் போனில் சார்ஜ் இல்லை. மாதேஸ்வரியின் போன் பையின் அடியில் கிடந்தது.

கேமராவுக்குப் பாடி இருப்பது முனிசாமிக்குத் தெரியாது. மகன் கட்டுகிற லாரிப் பாடி தெரியும், ஆனால் அதை யாரும் பஸ் ஏறிப் போய் வாங்கி வருவதில்லை. மருமகள் கேமரா வாங்கப் போகிறாள் என்றும் யாரும் சொல்லியிருக்கவில்லை. உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் ‘பாடி வாங்கப் போறோம்’ என்றால் ஒரே அர்த்தம்தான்: ஆஸ்பத்திரி பிணவறை வாசல். பெங்களூரில் அவருக்கு இருந்த ஒரே சொந்தம் தம்பி மகன் சென்னப்பன், கட்டடத்தில் சாரம் ஏறி வேலை பார்ப்பவர். முனிசாமி அவருக்கு போன் அடித்தார், எடுக்கவில்லை. சாரத்தில் நிற்கிறவர் எப்படி போனை எடுப்பார் என்று யோசித்திருக்கலாம். ஆனால் கட்டடத்திலிருந்து விழுந்தவர்களைத் துணியில் சுற்றி வாங்கி வந்து பழகிய ஊர்களில், யோசிப்பதற்கு முன்பே நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பெங்களூர்க் கடையில் புதுப் பாடி கண்ணாடிப் பெட்டிக்குள் பார்வைக்கு ஒன்றுதான் இருந்தது. முன்பணம் கட்டினால் திங்கட்கிழமை வரும் என்றார் கடைக்காரர். கட்டினார்கள். மாதேஸ்வரியின் கண் பக்கத்து அலமாரியிலேயே நிற்பதைக் கவனித்த அவர், அந்தச் சின்ன லென்ஸை எடுத்து நீட்டினார். “வாடகைக்கு தீஸ்கோம்மா, எடுத்துக்கோ. ரெண்டு நாள் வெச்சுப் பாரு. புடிக்கலன்னா திருப்பிக் குடு.”

சாயங்காலம் வீடு திரும்பினால், வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு டாடா ஏஸ் நிறைய சாமல்பட்டி வந்து இறங்கியிருந்தது. மாமியார் மாரம்மா முடியை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்து மருமகளைக் கட்டிக்கொண்டார்.

“பாடி எங்கம்மா?”

பாடி வராததற்கு மாமியார் இவ்வளவு வருத்தப்படுவார் என்று மாதேஸ்வரி நினைக்கவே இல்லை. நெகிழ்ந்துபோனார்.

“வரல அத்தெ. நாளைக்கித் திங்கக்கெழமதான் குடுப்பாங்களாம்.”

“ஐயோ, அதுவரைக்கும் தாங்குமா?”

“அதெல்லாம் தாங்கும். அட்வான்ஸ் கட்டிட்டு வந்துருக்கறோம்.”

“பாடி குடுக்க அட்வான்ஸா?” துண்டை உதறிக்கொண்டு எழுந்தார் முனிசாமி. “எந்த ஆஸ்பத்திரிடா அது? செத்தவங்கிட்டயுமா புடுங்கறானுங்க?”

“ஆஸ்பத்திரி இல்லப்பா, கடெ” என்றார் வெங்கட்.

“கடெலயா வெச்சிருக்கறாங்க?”

“கண்ணாடிப் பொட்டில வெச்சிருக்கறாங்க மாமா” என்றார் மாதேஸ்வரி. “பாக்க அழகா இருக்குது. ஜப்பான்லருந்து வந்தது.”

மாரம்மா அழுகையைப் பாதியில் நிறுத்தினார். “ஜப்பானா? சென்னப்பன் எப்பம்மா ஜப்பானுக்குப் போனான்?”

யாரும் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து சென்னப்பனே இறங்கினார். கையில் பெரிய சம்பங்கி மாலை.

“அண்ணி, யாரு தவறிட்டது? ஊருக்குப் போன் அடிச்சா, ‘ஓசூர்ல சாவு, அல்லாரும் போயிக்கறாங்க’ன்னு மட்டும் சொன்னாங்க. பேரக் கேக்கறதுக்குள்ள கட்டாயிடுச்சி.”

“டேய், நீதான்டா!” என்று மாரம்மா அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, அதே கையால் அணைத்துக்கொண்டார்.

“நானா?” சென்னப்பன் மாலையைப் பார்த்தார். “எனக்கு நானே மாலெ வாங்கியாந்துட்டனா? முன்னாடியே சொல்லிருந்தா சின்னதா வாங்கிருப்பன்ல!”

விஷயம் எல்லாருக்கும் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் தெருவே சிரித்தது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொள்ள, அத்தனை பேரும் ஒற்றை அறைக்குள் அடைந்தார்கள்.

“சாவு மாலைய ஊட்டுக்குள்ள கொண்டாராதடா, வெளிய கடாசு” என்றார் மாரம்மா.

“பூவுக்கு என்னா தெரியும் பெரியம்மா? கல்யாணத்துக்குக் கேட்டாலும் பூக்காரம்மா இதத்தான் குடுக்கும்.” சென்னப்பன் மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு சுவரோரம் விறைத்து நின்றார். “அண்ணி, ஒரு படம் எடுங்க. உசுரோட இருக்கறப்பவே நல்லதா ஒண்ணு இருக்கட்டும்.”

மாதேஸ்வரி வாடகை லென்ஸைப் பழைய பாடியில் மாட்டினார். பின்னால் நகர இடமில்லை. ஒருவர் முழங்கால் இன்னொருவர் முதுகில் இடித்தது. ஒற்றை விளக்கு வெளிச்சத்தில், கூட்டத்தின் நடுவே நின்று, கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒவ்வொரு முகமாக எடுத்தார். கன்னத்தில் ஈரம் காயாமல் வாய்விட்டுச் சிரிக்கும் மாரம்மா. ‘நான் அப்பவே சந்தேகப்பட்டேன்’ என்று பொய் சொல்லும் முனிசாமி. மாலைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சென்னப்பனின் சிமெண்ட் படிந்த புருவம். கேமராவின் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டே வந்தவர், மாமியாரின் முகத்தில் வந்து நின்றுவிட்டார். எடுத்தது அதே பழைய பெட்டிதான். இதுநாள்வரை அதன்மேல் போட்ட பழி அத்தனையும், தன்னை நிறுத்திவைத்த இடத்தின்மேல் போயிருக்க வேண்டியது.

“அப்ப பாடி?” என்றார் வெங்கட்.

“வேணாம். அட்வான்ஸ இந்த லென்ஸுக்கு மாத்திக்கலாம்.”

“பந்தக்காலத்தான் எடுப்பன்னு சந்தோஷ் சொன்னாரே?”

“பந்தல்ல நிக்கறவங்களுக்குத்தான அது?”

அடுத்த நாள் சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி மரத்தடியிலிருந்து மணிமேகலைக்கு போன் செய்தார்.

“உங்க மூஞ்சி பெரிசா வரணும்னா நான் கிட்ட நிக்கணும் மணிமேகலை. மேடைல, உங்க பக்கத்துல. நிச்சயத்தன்னிக்கி உங்க பெரியப்பா ஊரக் கேட்டுட்டு என்னெ பந்தல்லயே நிறுத்திட்டாரு. எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். இன்னொரு வாட்டி அப்டி நிக்க மாட்டேன். சரின்னா வரேன், இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குங்க.”

கல்யாணம் கைவிட்டுப் போனது என்றே மாதேஸ்வரி நினைத்தார். மணிமேகலையின் குரல் மெல்ல வந்தது.

“எங்கிட்ட அப்பவே சொல்லிருக்கலாம்லக்கா?”

“போட்டோக்காரம்மா ஏன் வெளிய நிக்கறாங்கன்னு நீங்களும் கேட்டிருக்கலாம்ல?”

“ஆமா… கேட்டிருக்கணும். வாங்கக்கா. மேடைலயே நில்லுங்க. யாராச்சும் எதாச்சும் சொன்னா நான் எந்திரிச்சிருவேன்.”

“எந்திரிக்காதீங்க தாயே. படம் ஆடிரும்.”

ஆவணி முகூர்த்தத்தில் மாதேஸ்வரி மேடைமேல் இருந்தார். தாலி கட்டும்போது மணிமேகலையின் கண்ணிமை துடித்ததுகூடப் படத்தில் விழுந்தது. ஒரு லென்ஸ் சாதியை ஒழித்துவிட்டது என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அந்தக் காலனி இன்றும் ஊருக்கு வெளியேதான் இருக்கிறது, அதை வெளியே வைத்தவர்கள் இன்றும் பந்தியில் முதல் வரிசையில்தான் உட்காருகிறார்கள். ஆனால் அன்றைக்கு அந்த மேடையில் நின்றவர் நகரவில்லை.

பட்டு வேட்டியும் மோதிரங்களுமாகப் பெரியப்பா ஆசீர்வதிக்க ஏறினார். பக்கத்திலேயே யார் நிற்பது என்று பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

“கொஞ்சம் தள்ளிக்கம்மா.”

“தள்ளிக்கலாங்க ஐயா. ஆனா நீங்க படத்துல விழ மாட்டீங்க.”

பெரியப்பா கீழே பார்த்தார். மண்டபமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் திரும்பினார். மணிமேகலை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா துண்டை இழுத்துச் சரிசெய்து, மீசையை ஒரு தடவு தடவினார்.

“இப்ப தெரியுதா?”

“இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க” என்றார் மாதேஸ்வரி.

அவர் வந்தார்.