சன்னலில் சாய்ந்த கிளை

மதியம் கடற்காற்று ஏறும் நேரத்தில், என் கணவர் படுத்திருந்த அறையின் சுவர் முனக ஆரம்பித்தது. முதல் நாள், மேல்வீட்டில் கட்டிலை இழுக்கிறார்கள் என்று நினைத்துத் திட்டிக்கொண்டேன். அவர்கள் மகளைப் பார்க்க வெளிநாடு போய் ஒரு மாதமாகிறது என்பது பிறகுதான் உறைத்தது. சன்னல் வழியே எட்டிப் பார்த்தால், காம்பவுண்டுக்குள் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை எங்கள் சன்ஷேடின் மேல் ஏறிப் படுத்திருந்தது. என் தொடையைவிடப் பருமன். நான் ஒன்றும் ஒல்லி இல்லை.

சாந்தோம் பக்கம் மூன்று மாடிக் குடியிருப்பு, அதில் இரண்டாம் மாடி எங்களுடையது. என் கணவர் பள்ளியில் தாவரவியல் ஆசிரியராக இருந்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு முதல் ஆறு மாதம் சுத்தமாக இல்லை, அப்புறம் ஒரு சொல், இரண்டு சொல் என்று திரும்பியது. அவருடைய கட்டில் அந்தச் சன்னலை ஒட்டித்தான் கிடந்தது. ஹாலுக்கு மாற்றலாம் என்று எப்போது சொன்னாலும் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். பிடிவாதம் அவர் உடன்பிறப்பு, அதற்கு மட்டும் பக்கவாதம் வரவில்லை.

ஒரு வாரத்தில் சன்னலுக்கு மேலே முடி போல் ஒரு விரிசல் ஓடியது. தினமும் காலையில் அவர் தலையணையில் சுண்ணாம்புத் தூள் கிடந்தது. உதறுவேன், மறுநாளும் கிடக்கும். எனக்குப் பயம் வந்துவிட்டது.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போட்டேன். கைகூப்பும் படங்கள் பதினொன்று வந்தன. கீழ்வீட்டில் இருக்கும் செயலாளர், "மரத்துக்கும் உயிர் இருக்கு மேடம், அவசரப்படக் கூடாது" என்றார். "என் வீட்டுக்காரருக்கும் இருக்கு சார், அதுதான் என் கவலை" என்றேன். அதற்குப் பிறகு அவர் மாநகராட்சிக்கு மனு எழுதினார். அனுமதி நடந்து வந்துகொண்டிருந்தது. அதற்குள் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சுழி போட்டுக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

சைதாப்பேட்டையிலிருந்து மரம் வெட்டுகிறவர் ஒருவர் பார்க்க வந்தார். நாற்பது வயதிருக்கும். எங்கள் சன்னலில் தலையை நீட்டிக் கிளையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். கீழே இறங்கிப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அடிமரத்தைச் சுற்றி வந்தவர், சின்னக் குகை போலக் கட்டிச் சிலை வைத்திருந்த மாதா கெபி முன்னால் நின்றுவிட்டார்.

"இத்த எப்பம்மா கட்னீங்க?"

"ரெண்டு வருஷம் ஆகுது."

"அஸ்திவாரம் தோண்டசொல்லோ வேரு வந்துச்சா?"

வந்தது. அந்தக் கெபி என் நேர்த்திக்கடன். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் உயிரோடு வீடு வந்தால் மாதாவுக்கு ஒரு கெபி கட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அவர் வந்த மூன்றாம் வாரமே கொத்தனாரைக் கூட்டி வந்தேன். தெருவில் போகிறவர்களும் கும்பிடட்டும் என்று மரத்துக்கு முன்னால், வாசலைப் பார்த்து இடம் குறித்துக் கொடுத்ததும் நான்தான். பள்ளத்தில் பெரிய வேர் குறுக்கே கிடந்தது. கொஞ்சம் தள்ளிக் கட்டலாமா என்று கொத்தனார் கேட்டார். தள்ளினால் மாதா முகம் சுவரைப் பார்க்கும், வெட்டிவிடுங்கள் என்றேன். குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தார், எல்லோருக்கும் கேக் கொடுத்தேன்.

"கிளைய மட்டும் வெட்டிடுங்களேன்" என்றேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பதுபோல் இருந்தது.

"கிளை வளந்து முட்லம்மா. மரமே உங்கூட்டு பக்கமா சாஞ்சிக்கினு கீது. இந்தப் பக்கம் புடிச்சிக்கினு இருந்த வேரு போய்ட்ச்சு. இப்ப அந்தக் கிளைதான் செவுத்துல கைய ஊணிக்கினு மரத்த நிக்க வச்சிக்கினு கீது. அத்த வெட்னா மொத்தமா வூட்டு மேல குந்திக்கும். கிரேன் கொணாந்து கட்டி, மேலேர்ந்து எறக்கணும். அதுவரைக்கும் அந்த ரூம்ல ஆள வைக்காதீங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். என் பூதத்துக்கு இரண்டு வருடமாக நானே மெழுகுவத்தி ஏற்றி வந்திருக்கிறேன்.

படி ஏறினேன். யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அவரை அந்த அறையிலிருந்து நகர்த்த வேண்டுமென்றால் காரணம் சொல்லியாக வேண்டும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சொன்னேன்.

"என்னங்க, கெபி கட்டும்போது ஒரு வேரை வெட்டச் சொன்னேன். அதனாலதான் மரம் சாயுதாம்."

அவர் ஆச்சரியப்படவில்லை. இடது கையை மெல்லத் தூக்கிச் சன்னல் கம்பியில் விரலால் மூன்று தட்டுத் தட்டினார். "சொன்னேன்" என்றார். "அன்னிக்கே."

அன்று குடையோடு நின்றபோது மேலே டங்கு டங்கென்று சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். பேச்சில்லாத மனுஷன் எவர்சில்வர் டம்ளரால் சன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் கையசைத்தேன். இன்னும் வேகமாகத் தட்டினார். "பாருங்க, சாருக்கு எவ்வளவு சந்தோஷம்" என்று கொத்தனாரிடம் சொல்லி, மறுபடி கையசைத்தேன். வேர் அறுந்து முடியும்வரை அவர் தட்டிக்கொண்டேதான் இருந்தார்.

"பேச்சு வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே?"

வெகுநேரம் வாயைக் கூட்டினார். "உன் நேர்த்தி" என்றார்.

"அப்போ ஏன் இந்த ரூமை விட்டு வரமாட்டேன்னீங்க?"

கிளையைக் கண்ணால் காட்டினார். "யாராவது... பாக்கணும்ல."

அன்று சாயங்காலமே செயலாளரும் வாட்ச்மேனும் கட்டிலோடு அவரைத் தூக்கி ஹாலில் வைத்தார்கள். இந்த முறை அவர் கம்பியைப் பிடிக்கவில்லை. மூன்று நாள் காற்று வீசியது, அந்த மூன்று நாளும் பூட்டிய கதவுக்குப் பின்னால் சுவர் முனகியது. நான்காம் நாள் அனுமதியும் கிரேனும் வந்தன. கயிறு இறுகிக் கிளை சன்ஷேடை விட்டு எழும்பியதும், சன்னலுக்கு மேலிருந்த செங்கற்கள் உள்பக்கமாகச் சரிந்தன. கதவைத் திறந்து பார்த்தேன். அவர் தலையணை கிடந்த இடத்தில் ஒரு கூடை கல் கிடந்தது.

மரம் போய்விட்டது, கெபியையும் பிரித்தாயிற்று. இப்போது ஹாலில் டம்ளர் சத்தம் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் அவர் முகத்தைப் பார்த்து நிற்கிறேன். பெரும்பாலும் தண்ணீர்தான் கேட்கிறார்.