ஒற்றைக் கை மருதாணி

நான் இருளாயியைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டேன், அவள்தான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்று ஹாஜராவிடம் சொன்னது பச்சைப் பொய்!

இதைச் சொல்லிவிட்டேன்; இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள். பாதியில் எழுந்து போய்விட்டால் நான் நல்லவளாகத் தெரிந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஹாஜரா என் கணவரின் தங்கை. நான் பேரையூரிலிருந்து மதுரைக்கு வாக்கப்பட்டு வந்தவள். பள்ளிவாசலை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. கணவர் விடிந்ததும் நூல் கடைக்குப் போனால் இஷா தொழுகை முடிந்துதான் வருவார். வந்தாலும் பேச்சு கிடையாது. சோறு உண்டு, தூக்கம் உண்டு. மாமியாருக்கு என்னிடம் பேச விஷயமே இல்லை. பிள்ளையும் பிறக்கவில்லை. ஒரு நாளில் நான் பேசிய வார்த்தைகளை எல்லாம் சேர்த்தாலும் ஒரு பிடி உப்புக்குக்கூடத் தேறாது!

ஹாஜராவும் பேசமாட்டாள். பேசப் பிடிக்காத பிறவி. யாராவது வந்தால் அடுப்படிக்குள் ஒதுங்கிக்கொள்வாள். ஆனால் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். நான் அரிசி புடைத்தால் அவள் கல் பொறுக்குவாள். அது போதும் எனக்கு. அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் என்னுடையவள் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன்... அவளைக் கேட்டா முடிவுகட்டினேன்?

கொல்லைக் கதவுக்கு ஒரு நாள் கீழக்குயில்குடியிலிருந்து கீரைக்கூடையோடு ஒரு பெண் வந்தாள். அதுதான் இருளாயி. அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகும் குடும்பம். கீரையும், பருவத்தில் மருதாணி இலையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து தெருத்தெருவாக விற்பாள். ஹாஜராவின் வயதுதான் இருக்கும்.

கதவுக்கு உள்ளே ஹாஜரா, வெளிப்படியில் இருளாயி. நான் அடுப்படியில் இருந்தேன். என் காதில் ஒரு சத்தம் விழுந்தது. ஹாஜரா சிரிக்கிறாள்! வாய்விட்டு, மூச்சுத் திணறச் சிரிக்கிறாள்! நான் வந்த நாள் முதல் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை. அன்று குழம்பு அடிப்பிடித்துப்போனது. அதுகூடத் தெரியாமல் கரண்டியோடு நின்றேன். அதன் பிறகு இருளாயி வரும் நாளெல்லாம் அந்தப் படியில் உட்கார்ந்து அவளோடு பேசிவிட்டுத்தான் போவாள்.

பொறாமை என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆமாம், பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது!

ஹாஜராவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ரங்கூனில் துணிக்கடை. நாள் குறித்த பிறகு பெண் கொல்லைக் கதவுப் பக்கம்கூட வரக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டு. அவள் உள்ளறையில் முடங்கினாள்.

நிக்காஹுக்கு முன்பு மருதாணி வைக்கும் சடங்கு உண்டல்லவா, அதை ஊரே கூடிச் செய்ய வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. பாட்டுக்காரிகள் வர வேண்டும், தப்ஸ் மேளம் அடிக்க வேண்டும், சந்து அடைக்கப் பெண்கள் உட்கார வேண்டும். ஹாஜரா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"கூட்டம் வேணாம் மச்சி. எனக்கு நெஞ்சு அடைக்கும். மாடியில நாலு பேரு போதும். பாட்டுக்கூட வேணாம்."

நான் மாமியாரோடு மல்லுக்கு நின்றேன். வந்த நாளிலிருந்து வாய் திறக்காத நான்!

"ஒத்தப் பொண்ணு கல்யாணத்த எழவு வீடு மாதிரி நடத்தச் சொல்றியா?" என்று கத்தினார்.

"அது மனசு சந்தோசப்படணும்ல மாமி," என்றேன். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னமோ செய்யி, எம்மேல பழி சொல்லாத," என்று விட்டுவிட்டார்.

அந்த நாட்களைப் போல நான் என்றும் சந்தோஷமாக இருந்ததில்லை. அசர் தொழுகை முடிந்ததும் மாடியில் வெயில் தணியும், அப்போது வைத்துக்கொள்ளலாம். கோரைப்பாய் இரண்டு. நன்னாரி சர்பத். தேங்காய்ப்பால் பாயசம். மல்லிகையை நானே கட்டிவிடுவேன். ஹாஜராவின் சின்னம்மா பெண்கள் இருவர், நான், ஹாஜரா. நாலு பேர், கணக்குச் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாஜராவுக்கு அந்தக் கணக்குச் சரியாகவில்லை.

"இருளாயிட்ட சொல்லிருங்க மச்சி. நான் வெளிய வரமுடியாதுல்ல. வியாழக்கிழம, மாடிக்கு. எடது கைக்கு அவதான்."

எங்கள் வீட்டில் பெண்ணுக்கு வலது கையில் சொந்தக்காரர்கள் மருதாணி வைப்பார்கள். இடது கை தோழிக்கு. பெண்ணே ஒருத்தியின் பெயரைச் சொல்லி, அந்தக் கையை அவளிடம் நீட்டுவாள். அந்த இடது கை எனக்கு என்று நான் நினைத்திருந்தேன்! மனதுக்குள் பூவும் கொடியும்கூடப் போட்டுப் பார்த்திருந்தேன்.

"சொல்லிர்றேன் புள்ள," என்றேன்.

மறுநாள் காலை இருளாயி வந்தாள். கூடையை இறக்கினாள்.

"பாப்பாவக் கண்ணுலயே காணமேம்மா?"

"கல்யாணப் பொண்ணு. வெளிய வரக்கூடாது."

"அப்படியா! என்னைக்கு?"

சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. 'உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் கீரைக்கட்டைப் புரட்டிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமைக்கு மருதாணி இலை கொண்டாந்து குடு," என்றேன்.

கொண்டுவந்தாள். "பாப்பாவுக்குன்னு கொழுந்தாப் பாத்துப் பறிச்சேன். பாருங்க, ஒரு முத்தல் கெடையாது," என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் நின்றாள். யாரோ கூப்பிடுவார்கள் என்று நிற்பது போலத்தான் நின்றாள். நான் கதவைச் சாத்தினேன்.

அவள் பறித்த இலையை அம்மியில் அரைத்து, அவள் இல்லாத மாடிக்குக் கொண்டுபோனேன். எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம் எனக்கு!

எல்லாம் நான் நினைத்தபடியே அமைந்தது. வெயில் இறங்கியிருந்தது. சின்னம்மா பெண்கள் மெல்லப் பேசி, மெல்லச் சிரித்து வலது கையை நிறைத்தார்கள். ஹாஜராவின் பக்கத்தில் சர்பத் வைத்தபடியே இருந்தது, அவள் குடிக்கவில்லை. இடது கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு மாடிப்படிக் கதவையே பார்த்திருந்தாள். கீழே யாராவது நடந்தால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாமியார் விளக்குத் திரி எடுக்க ஏறிவந்தபோது ஹாஜராவின் முகம் மலர்ந்து, பிறகு அப்படியே வாடியது.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள்.

"அவ வரலையா மச்சி?"

"சொன்னேன் புள்ள... வரமாட்டேன்னுட்டா."

"ஏனாம்?"

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? "என்னத்தக் கண்டேன்! விசேச வீட்டுக்கு வந்தா வேல வாங்கிருவாகன்னு நெனச்சாளோ என்னமோ," என்றேன்.

ஹாஜரா, "அப்படியா," என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற பெண்ணாக இருந்திருந்தால் நான் அகப்பட்டுக்கொண்டிருப்பேன். அவள் கேட்கமாட்டாள் என்று தெரிந்துதானே சொன்னேன்!

நான் மருதாணிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நகர்ந்தேன். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"இது போதும் மச்சி. இந்தக் கை இப்படியே இருக்கட்டும்."

ஒரு கை சிவந்து, ஒரு கை வெறுமையாக அவள் நிக்காஹுக்கு உட்கார்ந்தாள். "இதுக்குத்தானா சத்தமில்லாம செய்யிறேன்னு நின்ன?" என்று மாமியார் என்னை எல்லார் முன்னிலையிலும் ஏசினார். நான் தலை குனிந்து நின்றேன். அந்த வசவு எனக்குப் போதவில்லை, சத்தியமாகப் போதவில்லை!

அவள் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போய்விட்டாள்.

அதன் பிறகு இருளாயி வந்தாள். "மருதாணி செவந்துச்சாம்மா?" என்று கேட்டாள். செவந்தது என்றேன். கூடையின் விளிம்பைத் தடவிக்கொண்டே, "என்னைய ஒரு வார்த்த கூப்பிடலையே பாப்பா..." என்றாள்.

"பெரிய எடத்துக்குப் போற பொண்ணு. நெனப்பு இருக்குமா?" என்றேன்.

"ஆமாம்மா. அது சரிதான்," என்று கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு கீரை கொடுத்தாள், இலை கொடுத்தாள். ஆனால் அந்தப் படியில் மட்டும் உட்காரவே இல்லை.

வருஷங்கள் ஓடின. மாமியார் மவுத்தானார். ரங்கூனில் குண்டு விழுந்தது. ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். ஹாஜராவின் கணவரும் வந்தார்... தனியாக. மலைப்பாதையில் காய்ச்சல் கண்டு அவள் போய்விட்டாளாம். அங்கேயே அடக்கம் செய்தார்களாம்.

எலும்பும் தோலுமாக எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அவர் கேட்டார்: "மச்சி, ஒண்ணு கேக்கணும். ஒவ்வொரு பெருநாளைக்கும் வலது கையில மட்டுந்தான் மருதாணி வப்பா. எடது கைய யாரையும் தொட விடமாட்டா. கேட்டா, அது ஒருத்திக்குன்னு வச்சிருக்கேம்பா. அது யாரு? ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியாது தம்பி," என்றேன்.

இருளாயியிடம் சாவுச் செய்தியை நான்தான் சொன்னேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அந்தப் படியில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு கேட்டாள்:

"என்னைய ஒரு தடவயாச்சும் நெனச்சிருக்குமாம்மா அது?"

பதில் என்னிடம் இருந்தது! உலகத்தில் என் ஒருத்தியிடம்தான் இருந்தது. அதை அவளுக்குக் கொடுத்தால் கூடவே என்னையும் கொடுக்க வேண்டும். மாமியார் போன பிறகு, கணவரும் படுக்கையில் விழுந்த பிறகு, கொல்லைக் கதவைத் தட்டி என்னை 'அம்மா' என்று கூப்பிட இருக்கும் ஒரே மனுஷி அவள். அவளும் போய்விட்டால்?

"தெரியலையே இருளாயி," என்றேன்.

முடிந்தது என்று நினைக்கிறீர்களா? நேற்றுக் காலை வந்தாள். அவள் மகளுக்குக் கல்யாணமாம்.

"அதுவும் நம்ம பாப்பா கணக்கா, வாயே தொறக்காது. கூட்டம் வேணாம், நாலு பேரு போதுங்குதும்மா. நீங்க வந்து ஒங்க கையால மருதாணி வச்சு விடணும். வலது கைக்கு எங்காளுக இருக்காக. எடது கைக்கு நீங்கதான். ஒங்க வீட்டு வழக்கந்தான, பாப்பா அப்பவே சொல்லிருக்கே! பாப்பாவோட மனுசின்னு எனக்கு இப்ப வேற யாரு இருக்கா?"

இப்போதாவது சொன்னேனா?

"வாரேன்," என்று சொன்னேன். ஜட்கா வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. இலைகூட அவள்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள், ஒரு முத்தல் இல்லாத கொழுந்து. இதோ, அம்மியில் அரைத்துக்கொண்டிருக்கிறேன்... என் விரல்கள் இப்போதே சிவந்துவிட்டன.