ஆடாமல் எடுப்பது எப்படி?

கேமராவை விற்க அரை மணி நேரம் போதும். வாங்கியவர் திரும்பத் திரும்ப வந்து நிற்பது ஆயுள் முழுவதும் நடக்கும். சிதம்பரத்தில் சின்ன டிஜிட்டல் கேமராக்கள் விற்கும் நான், நல்ல படம் எடுப்பது பற்றி இலவசமாகப் பாடமும் நடத்திவருகிறேன். அதனால் ஒருவருக்காவது நன்மை உண்டா என்று ஐம்பது வயதுக்கு மேல் சந்தேகம் வந்திருக்கிறது. கடை வைத்திருக்கும் உங்களுக்கு இது புரியும்.

கிட்டப் போங்கள்

கோபுரம் முழுவதும் விழ வேண்டும் என்று நம் ஆட்கள் தள்ளித் தள்ளிப் போவார்கள். நிற்பவர்கள் எறும்பாகிவிடுவார்கள். புவனகிரிக்காரர் ஒருவரிடம், "கிட்டப் போங்க, முகம்தான் முக்கியம்" என்று மூன்று முறை சொன்னேன். சம்பந்தி வீட்டாரைக் கோயிலுக்கு அழைத்துப்போய், அப்படியே எடுத்துவந்தார். பதினெட்டுப் படம், பதினெட்டிலும் முகம். புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த மூஞ்சிங்களத்தான் தெனம் பாக்குறனே சார், கோபுரத்த எங்க காணும்?"

வெளிச்சம் முகத்தில் விழட்டும்

சிப்காட்டில் வேலை பார்ப்பவர், மகளுக்கு வரன் பார்க்கப் படம் எடுக்க வேண்டும் என்றார். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும் என்றேன். காலையிலா மாலையிலா என்று சொல்ல மறந்தது என் தப்புதான். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் நிறுத்தி எடுத்திருக்கிறார். அடுத்த வாரம் வந்து சொன்னார்: "பொண்ணு ஏன் அழுவுதுன்னு மாப்ள வூட்ல கேக்குறாங்க சார்!"

ஆடிய படத்தை அழியுங்கள்

கடலூர் பக்கத்து மீனவக் கிராமத்திலிருந்து கணவனும் மனைவியும் வந்து கேமரா வாங்கினார்கள். அந்த அம்மா கடையிலேயே கணவனை ஒரு படம் எடுத்தார். அவர் சிரித்துக்கொண்டே அசைந்ததில் முகம் கலங்கிவிட்டது. "ஆடுன படத்த உடனே அழிச்சிடுங்க, இடத்த அடைக்கும்" என்று சொல்லி, அந்த அம்மாவின் விரலாலேயே அழிக்க வைத்தேன். சீக்கிரம் கற்றுக்கொண்டார். பெருமையாக இருந்தது.

நாலு மாதத்தில் அந்த அம்மா மட்டும் வந்தார். கணவன் பைக் விபத்தில் இறந்துபோயிருந்தார். கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று கேமராவின் மெமரி கார்டை நீட்டினார். படகு, வலை, பிள்ளைகள், பக்கத்து வீட்டு ஆடு எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தன. கணவன் மட்டும் இல்லை. ஒரு இடத்தில் நிற்கும் மனிதர் இல்லையாம்; அவரை எடுத்ததெல்லாம் ஆடிப்போக, அந்த அம்மா அவ்வப்போதே அழித்திருக்கிறார்.

கம்ப்யூட்டரில் மூன்று நாள் தேடினேன். அழித்த இடத்தில் வேறு படங்கள் ஏறியிருந்தன. கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அது அப்பா இல்லை என்று பிள்ளைகள் சொன்னார்களாம். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அந்த அம்மா மெதுவாகத்தான் கேட்டார்: "ஆடியிருந்தா என்னாண்ணே, எம் புருசன எனக்கு அடையாளம் தெரியாதா?"

இப்போதும் கேமரா விற்கிறேன், பாடமும் நடத்துகிறேன். படத்தை அழிப்பது எப்படி என்று யாராவது கேட்டால் மட்டும், இத்தனை வருடம் இதே தொழிலில் இருந்துகொண்டு, தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.