நாற்காலியும் ஓட்ஸ் கஞ்சியும்

வெண்டல் க்ராஸ் நீதிபதியானது சட்டம் படித்ததால் அல்ல. சட்டம் படித்தவர்கள் ஒமாஹா நகரில் தடுக்கி விழும் இடமெல்லாம் இருந்தார்கள். அவர் செய்த புண்ணியம் வேறு: ஒரு செனட்டரின் தேர்தலுக்காக நெப்ராஸ்கா முழுக்க அலைந்து ஓட்டுச் சேர்த்தார். செனட்டர் ஜெயித்தார், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு நாற்காலி காலியானதும் வெள்ளை மாளிகையில் க்ராஸின் பெயரைச் சொன்னார். ஆயுள் பதவி. தானாக எழுந்தாலொழிய, எழுப்ப ஆளில்லை.

கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டால் அறிவு தன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அவர் நம்பினார். ஒட்டாத இடங்களை நிரப்ப, ஆண்டுதோறும் கல்லூரியிலிருந்து உதவியாளர்கள் வந்தார்கள். தீர்ப்பை அவர்கள் எழுதினார்கள். இவர் 'எனினும்' என்பதை 'ஆயினும்' என்று திருத்திக் கையெழுத்திட்டார். உச்ச நீதிமன்றத்தில் இடம் காலியாகும்போதெல்லாம் முடி வெட்டிக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கூப்பிட்டது பல் மருத்துவர் மட்டும்தான்.

ஆயுள் நீதிபதிகளிடையே ஒரு வழக்கம் உண்டு. தங்கள் கட்சிக்காரர் அதிபராக இருக்கும்போதுதான் விலகுவார்கள். அப்போதுதான் அடுத்து வருபவரும் தம்மவராக இருப்பார். "நீதிபதிக்குக் கட்சி ஏது?" என்று விழா மேடைகளில் முழங்கிய க்ராஸும், எழுபத்தொன்பதாம் வயதில், தன் கட்சி ஆட்சியில் இருக்கும்போது அறிவித்தார்: "எனக்குப் பதில் ஒருவர் உறுதியானதும் விலகுவேன்." அவர் மனத்தில் இருந்தவன் டிரெவர். பழைய உதவியாளன். க்ராஸின் வாக்கியங்களை க்ராஸிடமே சொல்லி மெய்சிலிர்ப்பவன்.

வெள்ளை மாளிகை தேர்ந்தெடுத்ததோ வழக்கறிஞர் அடேல் நோவாக்கை. ஒருமுறை அவர் வாதாடும்போது க்ராஸ் கேட்ட கேள்விக்கு, "இதுக்கான பதிலை நீங்களே போன வருஷம் தீர்ப்புல எழுதியிருக்கீங்களே" என்றவர். க்ராஸுக்கு அந்தத் தீர்ப்பு நினைவிலேயே இல்லை. எழுதியது டிரெவர் அல்லவா!

மறுநாள் காலை, பன்றி இறைச்சி வறுவலை மென்றபடி மனைவியிடம் சொன்னார்: "லோர்னா, நான் விலகலை."

"அரிசோனாவுல வீடு பாத்து வச்சிருக்கேனே, ஜட்ஜய்யா. அதுல யாரைக் குடிவைக்கிறது?"

"அந்தப் பொம்பளையா என் நாற்காலியில உக்கார்றது? அடுத்த வருஷத் தேர்தல்லயும் நம்மாளுதான் வருவார். அப்ப டிரெவரைப் போடச் சொல்லிக்கலாம்."

"வரலைன்னா?"

"வருவார்."

காலியாகாத நாற்காலிக்கு நியமனம் ஏது? நோவாக் தன் அலுவலகத்துக்கே திரும்பினார். அடுத்த வருஷம் தேர்தல் வந்தது. 'நம்மாளு' வரவில்லை.

இனி நான்கு ஆண்டுகள் உயிரோடிருந்தாக வேண்டும். நடுவில் கண்ணை மூடினால் நாற்காலி எதிர்க்கட்சிக்குப் போய்விடும். வறுவல் நின்றது. மாட்டிறைச்சியும் நின்றது. மாட்டுப் பண்ணைகளால் வாழும் நெப்ராஸ்காக்காரனுக்கு அதைவிடப் பெரிய தண்டனையை எந்தக் கோர்ட்டும் விதித்ததில்லை. காலையும் மாலையும் ஓட்ஸ் கஞ்சி.

"ஒரே ஒரு துண்டு, லோர்னா."

"மூச். செத்துப்போறதுன்னா நம்ம ஆட்சி வந்தப்புறம் செத்துக்குங்க."

அப்படி ஓடிய நாட்களில் ஒரு வழக்கு வந்தது. இறைச்சி ஆலையில் வேலை பார்த்த ஏர்ல் ஜெஸப்பை, அறுபத்தொரு வயதில், 'கை மந்தம்' என்று துரத்தியிருந்தார்கள். மூத்தவர் என்பதால் க்ராஸ் நடு நாற்காலியில் அமர்ந்தார், அமர்ந்ததும் தூங்கினார். பக்கத்து நீதிபதி நெல்டா முழங்கையால் இடித்தார்.

"வெண்டல், முழிச்சுக்குங்க. வக்கீல் உங்களையே பாக்குறார்."

க்ராஸ் நிமிர்ந்து கண்ணாடியைச் சரிசெய்தார். "எப்ப விலகணும்னு ஒரு மனுஷனுக்குத் தானாத் தெரிய வேணாமா?"

நெல்டா ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். "நீங்க கேட்டது ஜெஸப்பைப் பத்தித்தானே?"

"வேற யாரைப் பத்தி?"

ஆலை ஜெயித்தது. மூன்று நீதிபதிகளில் நெல்டா மட்டும் மறுத்து எழுதினார். "வயதறிந்து ஒதுங்குவதும் உழைப்பாளியின் கடமையே" என்ற வரி, க்ராஸ் நெடுநாளைக்குப் பிறகு தன் கையாலேயே எழுதியது. டிரெவர் அதைப் பாராட்டித் தொலைபேசினான்.

நான்கு ஆண்டுகள் முடிந்தன. தேர்தலுக்கு மறுநாள் காலை வானொலி முடிவைச் சொன்னது: அதே அதிபர், மறுபடியும்.

லோர்னா அடுப்பில் கஞ்சிப் பாத்திரத்தை ஏற்றினாள். எண்பத்துநான்கு வயது க்ராஸ் கைத்துண்டை எடுத்துக் கழுத்தில் செருகிக்கொண்டார்.

"கொஞ்சம் உப்பாவது போடேன்."

"ரத்தக் கொதிப்பு, ஜட்ஜய்யா," என்றாள் லோர்னா. "கட்சிக்கு ஆகாது."